பொம்மை அலமாரிக்கு இன்னொரு தட்டு

…அதைத்தாண்ணே நானும் கேக்குறேன். பொம்மை வாங்கிக் குடுத்தாச்சு, அலமாரி அடிச்சுக் குடுத்தாச்சு, டப்பா டப்பாவா பிரிச்சு, லேபிள் ஒட்டி, நம்பர் போட்டுக் குடுத்தாச்சு. இதுக்கு மேல ஒரு தகப்பன் என்னதான் பண்ணுவான்? இன்னமும் ரெண்டு நிமிஷத்துக்கு ஒருதரம் 'அப்பா, அப்பா'ன்னா என்ன அர்த்தம்? பாப்பாவுக்கு நாலு வயசாச்சு. ஒரு மணி நேரம் தானா உக்காந்து விளையாடக் கூடாதா? ஊரு உலகத்துல புள்ளைங்களே விளையாடலையா?

நீங்க அந்தப் பக்கம் பிடிங்க. மெதுவா… மெதுவா… நிலையில இடிச்சிரப் போகுது. அப்படியே வராண்டாவுல இறக்கிருவோம். ஆங். அப்பாடா. என்னா கனம் பாத்தீங்களா? நானே அடிச்சதுண்ணே இது. கடையில வாங்குனதில்ல. சிரிக்காதீங்க, ஆணி கொஞ்சம் கூடத்தான் போயிருச்சு. பலமா இருக்கட்டுமேன்னு அடிச்சேன். ஒரு பலகைக்கு இருபது ஆணி ஜாஸ்தியா? நீங்க எத்தனை அடிப்பீங்க? நாலா? நாலு ஆணி என்னத்தைத் தாங்கும்… சரி, தச்சு வேலை உங்க தொழில், நீங்க சொன்னா சரி.

என்ன, சத்தம் போடாம பேசவா? ஐயோ, ஆமா. உள்ள வீட்டுக்காரி படுத்திருக்கா. இவ்வளவு பாடும் அதுக்குத்தானே. அவளுக்கு ஏழாம் மாசம்ணே. பிரஷர் ஏறிக்கிட்டே போகுது. டாக்டரம்மா கண்டிச்சுச் சொல்லிட்டாங்க. மத்தியானம் சாப்பிட்டதும் ஒரு மணி நேரமாவது நல்லாத் தூங்கணுமாம். வர்ற திங்கக்கிழமை திரும்பப் பரிசோதிச்சுப் பாப்பாங்களாம், அன்னைக்கும் பிரஷர் எறங்கலைன்னா பிரசவம் வரைக்கும் ஆஸ்பத்திரியிலயே படுக்கப் போட்ருவாங்களாம். ரெண்டு மாசம்ணே. அவ அங்க, நாங்க இங்க. எனக்குப் பயமா இருக்குண்ணே, வெளியில சொல்லிக்கிறதில்ல, அவ்வளவுதான்.

அதனால நான் ஒரு ஏற்பாடு பண்ணேன். எனக்குக் காலை ஷிப்ட். ஒரு மணிக்கு வீடு வந்துருவேன். வந்ததும் சாப்பாடு, அவளைப் படுக்க வைக்கிறது, பாத்திரம் கழுவுறது, துணி மடிக்கிறது, சாயங்காலத்துக்கு உலை வைக்கிறது எல்லாம் என் பொறுப்பு. அந்த நேரத்துல பாப்பா தானா விளையாடணும். அவ்வளவுதான் திட்டம். கேக்க எவ்வளவு லேசா இருக்கு பாருங்க. ஆனா நடக்குறது என்ன? நான் சமையக்கட்டுல கையெல்லாம் சோப்பு நுரையோட நிப்பேன். இங்கேருந்து 'அப்பா'ன்னு ஒரு குரல். நான் அங்கேருந்து 'என்னா'ன்னு ஒரு குரல். ரெண்டுக்கும் நடுவுல உள்ளேருந்து 'என்னங்க ஆச்சு'ன்னு மூணாவது குரல். போச்சா? பத்து நாளா இதே கூத்து. ஒரு நாள்கூட அவ முழுசாத் தூங்கல.

தண்ணி குடிக்கிறீங்களா? இருங்க, டீயே போடுறேன். வேணாமா? அப்புறமா? சரி, உக்காருங்க. வேலையை அப்புறம் பாத்துக்கலாம். வேலை சின்னதுதானே. மேல இன்னொரு தட்டு ஏத்தணும், அவ்வளவுதான். இடம் பத்தலண்ணே. இருக்குறது நாலு தட்டு. அஞ்சாவது ஒண்ணு வந்திருச்சுன்னா டப்பாவை இன்னும் இடைவெளி விட்டு வைக்கலாம். எல்லாம் இன்னும் ஒழுங்காயிரும். ஒழுங்கானா பாப்பாவும் ஒழுங்கா விளையாடுவா, அதுதானே கணக்கு?

நான் என்ன வேலை பாக்குறேன்னு சொன்னேனா? பஸ் டெப்போவுல ஸ்டோர் கீப்பர். பதினாறு வருஷம். போல்ட்டு, நட்டு, பெல்ட்டு, பல்பு, பிரேக் கட்டைன்னு எட்டாயிரம் சாமான். கண்ணைக் கட்டி விட்டாலும் கேட்டதை எடுத்து நீட்டுவேன். ஆனா சீட்டு வேணும். ஜன்னல்ல சீட்டை நீட்டினாத்தான் சாமான். மெக்கானிக் ஒருத்தன் உள்ள கால் வைக்க முடியாது. விட்டா அவனவன் இஷ்டத்துக்கு அள்ளிட்டுப் போயிருவான். அதனால டெப்போவுல எனக்குப் பேரே 'சீட்டு எங்க'ண்ணே. புதுசா வந்த மேனேஜர் ஒருதடவை டார்ச் லைட்டுக்கு ரெண்டு பேட்டரி கேட்டு வந்தாரு. சீட்டு எங்கன்னு கேட்டேன். சீட்டுல கையெழுத்துப் போடுறவனே நான்தானய்யாங்குறாரு. அப்ப போட்டுக் கொண்டாங்கன்னேன். போனாரு, போட்டாரு, வந்தாரு. பாதி வழியில மழை வேற. நனைஞ்சுக்கிட்டே வந்தாரு. அப்படி ஒரு ஒழுங்கு. அப்பேர்ப்பட்டவன் வீட்டுல ஒரு பொம்மை அலமாரி ஒழுங்கா நிக்க மாட்டேங்குதுன்னா வெளியில சொன்னா வெக்கக்கேடு.

என்ன சொல்லிட்டிருந்தேன்? ஆங், அலமாரி. இதுக்கு மூல காரணம் யாருன்னா, வீட்டுக்காரியோட அக்கா. பாலர் பள்ளி டீச்சர். புள்ளை தானா விளையாடணும்னா சாமானை வைக்கிற விதத்துல வைக்கணும்னு அவங்கதான் ஆரம்பிச்சு வச்சாங்க. எல்லாத்தையும் ஒரே மூட்டையில கொட்டி வைக்காதீங்க, வகை வகையா பிரிச்சு வைங்க, டப்பா மேல படம் வரைஞ்சு ஒட்டுங்க, எல்லாத்தையும் ஒரே நாள்ல எடுத்துப் போடாதீங்க, கொஞ்சம் கொஞ்சமா வெளியில வைங்கன்னு ஒரு மணி நேரம் போன்ல பாடம். எனக்கு உள்ளுக்குள்ள சிரிப்பு. யார்கிட்ட வந்து யார் சொல்றது? பதினாறு வருஷமா நான் இதைத்தானே பண்றேன். நீங்க போனை வைங்க, நான் பாத்துக்கிறேன்னுட்டேன்.

ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க உக்காந்தேண்ணே. படமெல்லாம் வரையல. ஸ்டோர்ல எவன் படம் வரையுறான்? நம்பர்தான். கட்டைக்கு ஒண்ணு. வண்டிக்கு ரெண்டு. பொம்மைக்கு மூணு. சொப்புச் சாமானுக்கு நாலு. இப்படியே பதினெட்டு வரைக்கும். பாப்பாவுக்கு இன்னும் எழுத்தும் தெரியாது, எண்ணும் தெரியாது, ஆனா சுட்டி. நான் சொல்லச் சொல்ல மனப்பாடம் பண்ணிட்டா. என்ன ஒண்ணு, அந்தப் பொம்மைக்குப் பேரே 'மூணு'ன்னு ஆயிருச்சு. 'அப்பா, மூணுக்குக் காய்ச்சல்'ங்குறா. 'மூணு சாப்பிட மாட்டேங்குது'ங்குறா. அவ பெரியம்மா, அதான் அந்த டீச்சர், வந்திருந்தப்ப பொம்மையைத் தூக்கிக் காட்டி இதான் மூணுன்னா. மூணு சரி, ஒண்ணும் ரெண்டும் எங்கடான்னு அவங்க தேடுறாங்க. தலையில அடிச்சிக்கிட்டாங்க.

அப்புறம் ஒரு விதி போட்டேன். ஒண்ணை உள்ள வச்சாத்தான் இன்னொண்ணு வெளியில. டீச்சரம்மா சொன்ன அதே விஷயம்தானே, கொஞ்சம் கொஞ்சமா. நான் கொஞ்சம் இறுக்கிப் பிடிச்சேன், அவ்வளவுதான். மொத நாளு என்ன ஆச்சு தெரியுமா? மூணைக் கேட்டா, எடுத்துக் குடுத்தேன். மூணைத் தூங்க வைக்கணும், கட்டில் கட்டணும், கட்டையைக் குடுங்கன்னா. மூணை உள்ள வைம்மா, அப்பா கட்டை தர்றேன்னேன். வச்சா. கட்டையை வாங்கி அழகா ஒரு கட்டில் கட்டினா. இப்ப படுக்க வைக்க மூணு வேணுமே. கட்டையை உள்ள வைம்மா, மூணைத் தர்றேன்னேன். பாவம், கட்டினதைக் கலைச்சு, டப்பாவுல அடுக்கிக் கொண்டாந்து குடுத்துட்டு மூணை வாங்கிட்டுப் போனா. இப்ப மூணு இருக்கு, கட்டில் இல்ல. மறுபடியும் வந்தா… மூணு தடவை நடந்துச்சுண்ணே இது. நாலாந்தடவை ரெண்டையும் என் கையில குடுத்துட்டு, 'நீங்களே விளையாடுங்கப்பா'ன்னு தரையில குப்புறப் படுத்துக்கிட்டா.

நீங்க ஏண்ணே வாயைப் பொத்துறீங்க? இருமலா? இருமல் மாதிரித் தெரியலையே.

சரி, சிரிங்க. விதி கொஞ்சம் கடுசுதான். ஒத்துக்கிறேன். அந்த விதியை அப்புறம் எடுத்துட்டேன். எடுத்தும் என்ன பிரயோசனம்? 'அப்பா, ஏழு குடுங்க'. 'அப்பா, பதினொண்ணு குடுங்க'. 'அப்பா, இது ஏழில்ல'. ஓடி ஓடி என் காலு தேஞ்சதுதான் மிச்சம்.

என்னது, எதுக்குக் கீழ அளக்குறீங்க? தட்டு மேலதானே வேணும்? டேப்பை மேல பிடிங்கண்ணே. கீழ்த்தட்டா? அது தரையிலேருந்து ரெண்டரை அடி. சரியா வச்சேன். ஸ்டோர்ல எப்பவும் அப்படித்தான். தண்ணி புகுந்தா சாமான் துருப் பிடிச்சிருமில்ல… பிளாஸ்டிக் துருப் பிடிக்காதுதான். தெரியும். ஒரு வழக்கம்ணே. பதினாறு வருஷப் பழக்கம் கையை விட்டுப் போயிருமா?

கீழ்த்தட்டுல என்ன இருந்துச்சா? அது கழிச்ச சாமான். சக்கரம் போன வண்டி, கை போன பொம்மை, ஊதினா ஊதாத ஊதல். ஸ்டோர்ல கழிச்சதெல்லாம் அடித்தட்டுலதான் கிடக்கும். அதுக்கு மேல எப்பவாவது எடுக்குறது. அதுக்கும் மேல அடிக்கடி எடுக்குறது, நல்ல சாமான் பூரா. அடிக்கடி எடுக்குற சாமான் நெஞ்சு உயரத்துல இருக்கணும், குனியாம நிமிராம கைக்கு வரணும். அது எங்க தொழில்ல மொதப் பாடம்ணே.

யார் நெஞ்சுக்கா? என் நெஞ்சுக்குத்தான். வேற யாரு…

…

சரி. இருங்க. இருங்கண்ணே, ஒரு நிமிஷம். அந்த டேப்பைக் குடுங்க. பாப்பா கையைத் தூக்கினா எவ்வளவு வரும்… இங்க வருமா? இன்னும் கீழயா? எக்கி நின்னாக்கூட இவ்வளவுதானா?

அடக் கடவுளே. அப்ப அந்தப் புள்ளைக்கு எட்டுனதெல்லாம் அந்த ஊதாத ஊதல் மட்டுந்தானா?

கூப்பிடத்தான் செய்வா. கூப்பிடாம என்ன பண்ணுவா. அவ வீட்டுல அவ பொம்மையை எடுக்க அவளுக்கே ஸ்டோர் ஜன்னல் வச்சுக் குடுத்திருக்கேன். இதுல மேல இன்னொரு தட்டு கேட்டு உங்களை வேற லீவு நாள்ல இழுத்துட்டு வந்திருக்கேன். கூரையை முட்டுற மாதிரி. நல்லவேளை, நீங்க வந்தவுடனே பலகையை அறுத்துப் போட்டுட்டுக் கிளம்பல.

வீட்டுக்காரி மொத நாளே சொன்னா. அலமாரியைப் பாத்துட்டு, இது பாப்பாவுக்கா உங்களுக்கான்னு கேட்டா. நான் கேலி பண்றான்னு நெனச்சேன். அப்புறம் இன்னொண்ணும் சொன்னா. அதை வெளியில சொல்லக் கூடாது. உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன, நீங்கதான் எதையும் வெளியில விடமாட்டீங்களே, வந்ததுலேருந்து ஒரு வார்த்தை முழுசாப் பேசல. 'அவ விளையாடிட்டுத்தான் இருக்கா, நீங்கதான் விட மாட்டேங்குறீங்க'ன்னா. எனக்குக் கோவம் வந்துச்சு பாருங்க. நானா? நான் எங்க தொந்தரவு பண்றேன்? எப்பவாவது சத்தமில்லாம இருந்தா போய்ப் பாப்பேன். என்னடா பண்றேன்னு கேப்பேன். அந்தக் கட்டை ஒண்ணாம் நம்பர் டப்பாவுலதானே இருந்துச்சு, இங்க எப்படி வந்துச்சுன்னு கேப்பேன். பசிக்குதான்னு கேப்பேன். தண்ணி வேணுமான்னு கேப்பேன். பெத்தவன் இதுகூடக் கேக்கக் கூடாதா?

ஆமா, மணி என்ன? …மூணா? நாம வந்து உக்காந்தது ரெண்டு மணிக்குத்தானே. ஒரு மணி நேரமாச்சா? அப்ப பாப்பா… பாப்பா ஏன் கூப்பிடவே இல்ல? ஒரு சத்தமும் காணோமே. என்னமோ ஆயிருச்சு. எதையாவது முழுங்கிட்டாளா? வாசக்கதவு சாத்தியிருக்கா? இருங்க, நான் போய் ஒரு எட்டு… கையை விடுங்கண்ணே. ஏன் பிடிக்கிறீங்க? ஜன்னல் வழியாவா? சரி, சத்தம் போடாம எட்டிப் பாக்குறேன். விடுங்க, உள்ள போக மாட்டேன். சத்தியமா.

…

இருக்கா. நல்லாத்தான் இருக்கா.

அலமாரியைக் காலி பண்றதுக்கு நீங்க பெட்ஷீட்டுல கொட்டினீங்களே, அந்தக் குவியலுக்கு நடுவுல உக்காந்திருக்கா. கட்டையை எல்லாம் படுக்க வச்சுக் கட்டில் போட்டிருக்கா. மூணு படுத்திருக்கு. தலைமாட்டுல பஸ்ஸை நிப்பாட்டி அதுல சொப்புச் சட்டியை ஏத்தியிருக்கா. ஆஸ்பத்திரிபோல இருக்கு. ஒண்ணு ரெண்டு மூணு நாலு பூரா ஒரே இடத்துல கலந்து கிடக்கு. பதினொண்ணாம் நம்பர் சாமானைக் காலடியில போட்டு மிதிச்சிட்டிருக்கா. எந்த ஸ்டோர்லயும் இப்படி நடக்காதுண்ணே. என் கண்ணு பாக்க வேண்டிய காட்சியே இல்ல.

ஏதோ பேசுறா. 'கண்ணை மூடு, பிரஷர் எறங்கணும்'ங்குறா மூணுகிட்ட. எல்லாத்தையும் கேட்டுட்டுத்தான் இருந்திருக்கா, பாத்தீங்களா? நான் அவளுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனச்சிட்டிருக்கேன்.

பாத்துட்டா. என்னைப் பாத்துட்டா.

…

கையைக் காட்டுறாண்ணே. 'போங்க'ன்னு. உதட்டுல விரலை வச்சு, இன்னொரு கையால 'போங்க போங்க'ன்னு. திரும்பவும் உக்காந்துட்டா. என்னைத் திரும்பிக்கூடப் பாக்கல.

இல்ல, ஒண்ணுமில்ல. தூசி. மரத்தூசி… ஆமா, நீங்க இன்னும் அறுக்கவே ஆரம்பிக்கல. சரி, தூசியில்ல.

சந்தோசமாத்தாண்ணே இருக்கு. உள்ள வீட்டுக்காரியும் தூங்குறா, ஒரு மணி நேரமா தூங்குறா, இந்தப் பத்து நாள்ல இன்னைக்குத்தான் மொதத் தடவை. இதுக்குத்தானே நான் இவ்வளவும் பண்ணேன். கேட்டது கிடைச்சிருச்சு. ஆனா மனசு என்னமோ பண்ணுது. டெப்போவுல நாள் முழுக்க ஜன்னல்ல தலையை நீட்டிக் கூப்பிடுவானுங்க. 'ஸ்டோரு, ஸ்டோரு'ன்னு. சாமானைக் குடுத்ததும் திரும்பிப் பாக்காமப் போயிருவானுங்க. அவனுங்களுக்கு வேண்டியது நட்டுதானே, நானில்லையே. இங்க வந்தா இவ 'அப்பா'ன்னு கூப்பிடுவா. ஏழாம் நம்பரைக் குடுத்தாலும் நிப்பா. பதினொண்ணைக் குடுத்தாலும் நிப்பா. எனக்கு அது பிடிச்சிருந்துச்சுண்ணே. தொந்தரவு தொந்தரவுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன், ஆனா பிடிச்சிருந்துச்சு. அதை இப்பத்தான் ஒத்துக்கிறேன். அதுக்குத்தான் இத்தனை உயரத்துல தூக்கி வச்சேனோ என்னமோ.

சரி, போனது போகட்டும். அறுங்க. தட்டு ஒண்ணும் ஏத்த வேணாம். நாலு காலையும் அறுத்து இறக்கிருங்க. சத்தமா இருக்கும்ல, வாசலுக்குத் தூக்கிட்டுப் போயிருவோம், அவ தூக்கம் கலைய வேணாம். நானே பிடிச்சுக்கிறேன். பேச மாட்டேன், நம்புங்க.

எங்க கோடு போட்டிருக்கீங்க? ரெண்டடிக்கா? ரெண்டடி அறுத்தா நாலு தட்டும் பாப்பாவுக்கு எட்டிருமா? எல்லாமேவா? எக்காமயே எட்டுமா?

அண்ணே. அந்தக் கோட்டை அழிச்சிட்டு ஒரு அடிக்குப் போடுங்களேன்.

அளவெல்லாம் சரிதான், உங்க அளவைக் குறை சொல்லல. மேல்தட்டு ஒண்ணை மட்டும் எட்டாம விட்டு வைங்க. மத்ததெல்லாம் அவளே எடுத்துக்கட்டும், கலக்கட்டும், மிதிக்கட்டும், நான் வாயைத் திறக்க மாட்டேன். அதுல எதை வைக்கப் போறேனா? மூணை… இல்ல, இல்ல, முறைக்காதீங்க, மூணை வைக்க மாட்டேன். அவ அம்மா தூங்குற நேரத்துல தேடாத பொருளா ஒண்ணு. சாயங்காலம் தேடுற மாதிரி. வாரத்துக்கு ஒருதரம் தேடினாக்கூடப் போதும்ணே. அவ கீழ நின்னு கூப்பிடணும், நான் வந்து எடுத்துக் குடுக்கணும்.